எத்தியோப்பியாவில் குழந்தை மரணம்: குறைந்த விதமும் குறையாத பாகமும்

ஒரு கிராமத்தில் மாடுகள் எத்தனை, நஞ்சை புஞ்சை எத்தனை ஏக்கர் என்று கேட்டால் கிராமக் கணக்கைப் பார்த்து உடனே சொல்லிவிடலாம். அதே கிராமத்தில் சென்ற பத்து வருஷங்களில் பிறந்த குழந்தைகள் எத்தனை, அவற்றுள் ஐந்து வயதை எட்டாமல் மாண்டவை எத்தனை என்று கேட்டால், விடை பல தேசங்களில் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆப்பிரிக்காக் கண்டத்தின் கிழக்கில் உள்ளதும், முற்காலத்தில் அபிசீனியா என்று வழங்கியதுமான எத்தியோப்பியாவில், ஜனன மரணங்களை நாடெங்கும் பதிவு செய்யும் ஏற்பாடு 2016ஆம் வருஷத்தில்தான் துவங்கிற்று. அதற்கு முன் அந்நாட்டுச் சர்க்கார் குழந்தை மரணத்தை அறிந்த முறை வேறு. தெரிந்தெடுத்த கிராமங்களுக்குக் கணக்கெடுப்போர் சென்று, 15 முதல் 49 வயது வரையிலுள்ள ஸ்திரீகளை ஒவ்வொருவராக விசாரித்து, அவர்கள் பெற்ற பிள்ளைகளை மூத்தது முதல் வரிசையாகச் சொல்லச் செய்து, இறந்தது எது, எந்த வயதில் இறந்தது என்று எழுதிக்கொண்டார்கள். இவ்விதம் 2000, 2005, 2011, 2016 ஆகிய வருஷங்களில் நான்கு கணக்குகள் எடுக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் விசாரிக்கப்பட்ட ஸ்திரீகள் 14,000 முதல் 16,500 வரை ஆவர்.

இவ்விசாரணையில் ஒரு நுட்பம் உண்டு. பிறந்த அன்றே இறந்த சிசுவைத் தாய் பல சமயங்களில் கணக்கில் சொல்லுவதில்லை. பேர்கூட இடாத பிள்ளையைப் பிள்ளையென்று எப்படி எண்ணுவது என்று விட்டுவிடுவாள். ஆகையால், "பிறந்தவுடன் அழுதோ, அசைந்தோ, மூச்சுவிட்டோ பின் இறந்த குழந்தை ஏதேனும் உண்டா?" என்று மறுபடியும் கேட்கும்படி விதி செய்யப்பட்டிருக்கிறது. கேட்கும் விதத்திலேயே கணக்கின் உண்மை தங்கியிருக்கிறது. கீழே வரும் எண்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்தல் வேண்டும். முதல் நாள் மரணங்கள் எழுதியதற்கு அதிகமாக இருக்கக்கூடுமேயன்றிக் குறைவாக இருப்பதரிது.

2000ஆம் வருஷக் கணக்குப்படி, உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் 166 ஐந்து வயது நிரம்புமுன் இறந்தன. அதாவது ஆறில் ஒன்று. 2005இல் இவ்வெண் 123 ஆகவும், 2011இல் 88 ஆகவும், 2016இல் 67 ஆகவும் குறைந்தது. பதினாறு வருஷத்தில் ஆறில் ஒன்று என்பது பதினைந்தில் ஒன்று ஆயிற்று. ஐக்கிய நாடுகளின் மதிப்பும் இதையே காட்டுகிறது. 1990இல் 1,000க்கு 204 ஆக இருந்த மரணத்தை 2015க்குள் மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்று உலக தேசங்கள் செய்துகொண்ட உடன்படிக்கையை, எத்தியோப்பியா 2012லேயே 68 என்ற எண்ணை எட்டி நிறைவேற்றியது. 1984-85இல் பஞ்சத்தால் பல லட்சம் ஜனங்களை இழந்த தேசம் அது என்பதை எண்ணினால், இதைச் சிறு காரியமென்று சொல்லுவதற்கில்லை.

ஆனால் மொத்த எண்ணைப் பார்த்து நிற்பது பாதிப் பாடமே. ஒரு சங்கத்தின் மொத்த வசூல் நன்றாயிருக்கையில், நெடுநாள் தவணை தப்பிய கடன்கள் அதனுள் மறைந்து கிடப்பதுண்டு என்பது அங்கத்தினர்கள் அறிந்ததே. இங்கும் வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வயதைத் தாண்டிய குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறப்பது 2000இல் 1,000க்கு 77 ஆக இருந்து, 2016இல் 20 ஆயிற்று. ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு குறைந்துவிட்டது. பிறந்து ஒரு மாதத்திற்குள் இறக்கும் சிசுக்களின் எண்ணோ 49லிருந்து 29 வரை வந்து நின்றது. ஐந்தில் இரண்டு பங்கே குறைந்தது. 2005இல் 39, 2011இல் 37 என்று ஆறு வருஷம் அசையாமலும் இருந்தது. இதன் பயனாக, முன்பு குழந்தை மரணங்களில் பத்தில் மூன்று முதல் மாதத்தில் நிகழ்ந்திருக்க, பின்பு பத்தில் நாலுக்கு மேல் அம்மாதத்திலேயே நிகழ்வதாயிற்று. நடக்கவும் ஓடவும் கற்ற பிள்ளையைக் காப்பதற்கு வழி கண்டாயிற்று. தொட்டில் பிள்ளையைக் காப்பது பின்தங்கிவிட்டது.

பெரிய பிள்ளைகள் பிழைத்தது எவ்வாறு என்பதை முதலில் ஆராய்வோம். அப்பிள்ளைகளைக் கொன்றவை பெரும்பாலும் நிமோனியா என்னும் சுவாச ஜுரம், பேதி, மலேரியா, மணல்வாரி அம்மை ஆகியவையும், இவற்றுக்கெல்லாம் வழிவிடும் போஷாக்கின்மையும் ஆம். எத்தியோப்பிய ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். மலையும் பள்ளத்தாக்கும் நிறைந்த தேசமாதலால், வைத்தியசாலை இருக்கும் ஊருக்குச் செல்ல ஒரு பகல் நடக்க வேண்டிய கிராமங்கள் அநேகம். வைத்தியரை ஒவ்வொரு கிராமத்திற்கும் அனுப்ப அந்நாட்டிடம் வைத்தியர்களும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே 2003ஆம் வருஷத்தில் சர்க்கார் வேறொரு வழியைத் துவக்கிற்று. ‘கெபெலே’ என்று வழங்கும் சுமார் 5,000 பேர் அடங்கிய ஒவ்வொரு கிராமப் பகுதிக்கும் ஒரு சிறு சுகாதார நிலையம் கட்டி, அதில் இரண்டு பெண்களை நியமித்தார்கள். இவர்கள் பத்தாம் வகுப்பு வரை படித்தவர்கள். அதே பிரதேசத்தில் பிறந்து அதே பாஷை பேசுபவர்கள். ஒரு வருஷம் பயிற்சி பெற்றவர்கள். தொண்டு என்று சொல்லி வெறுங்கையுடன் வேலை வாங்காமல் மாதச் சம்பளம் கொடுக்கப்பட்டது. 2005 முதல் 2012 வரை சுகாதார மந்திரியாயிருந்த டெட்ரோஸ் அதனோம் காலத்தில் இத்திட்டம் வேகமாகப் பரவி, 2010க்குள் இப்பெண்களின் தொகை 30,000ஐத் தாண்டிற்று.

இவர்கள் நிலையத்தில் உட்கார்ந்திருப்பதைக் காட்டிலும் வீடு வீடாகச் செல்லும் நேரமே அதிகம். கக்கூஸ் குழி வெட்டச் செய்தல், தடுப்பு ஊசி போடுதல், கொசுவலை கொடுத்துக் கட்டக் கற்பித்தல், கர்ப்ப ஸ்திரீகளைக் கண்டு பேசுதல் ஆகியவை இவர்கள் வேலை. சொன்னபடி செய்து முடித்த வீட்டை ‘மாதிரிக் குடும்பம்’ என்று எல்லோரறியப் பாராட்டுவதும் வழக்கமாயிற்று. 2000இல் பத்தில் எட்டு வீடுகளுக்குக் கழிப்பிடமே இல்லை. 2016இல் அவ்விதம் இல்லாத வீடுகள் பத்தில் மூன்றே. எல்லா அடிப்படைத் தடுப்பு ஊசிகளும் பெற்ற ஒரு வயதுக் குழந்தைகள் 2000இல் நூற்றுக்கு 14, 2016இல் 39. இது போதுமென்று ஒருவரும் சொல்லார். எனினும் ஊசிகளின் வகையும் பெருகிற்று. ஐந்து வியாதிகளுக்குச் சேர்ந்த ஒரே ஊசி 2007இலும், நிமோனியாவைத் தடுக்கும் ஊசி 2011இலும், பேதியைத் தடுக்கும் சொட்டு மருந்து 2013இலும் வந்தன. பிறந்த சிசுக்களை வாரிக்கொண்டுபோன இரணஜன்னி, தாய்மார்க்கு ஊசி போட்டதால் அடங்கி, 2017இல் அந்நாட்டில் பொதுப் பிணி என்ற நிலையினின்று நீங்கியதாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

நிமோனியாவைக் கண்டறியும் முறையை இங்கு விவரித்துச் சொல்வது தகும். கிராமத்திற்குக் கிராமம் எவரும் கற்கக்கூடியது அது. இருமலும் காய்ச்சலுமாய் உள்ள பிள்ளையை அழாமல் தாய் மடியில் அமர்த்தி, சட்டையை விலக்கி, ஒரு நிமிஷம் முழுவதும் மார்பு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவானால் 60ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குட்பட்டதானால் 50ம் அதற்கு மேலும், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குட்பட்டதானால் 40ம் அதற்கு மேலும் மூச்சு ஓடினால் அது சாதாரணச் சளியன்று. மூச்சிழுக்கும்போது விலாவின் அடிப்பாகம் உள்ளே ஒடுங்கினால் ஆபத்து முற்றிவிட்டது; உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவையும் அறிய ஸ்டெதாஸ்கோப்பு வேண்டியதில்லை. ஒரு கடிகாரமும் பொறுமையும் போதும். கண்டறிந்த பின் தக்க கிருமிக்கொல்லி மருந்தைச் சில நாள் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துவிடும்.

ஆயினும் 2003 முதல் ஏழு வருஷம், கிராமப் பெண் ஊழியர்கள் மூச்சை எண்ணலாம், ஆனால் மருந்து கொடுக்கலாகாது என்றே விதி இருந்தது. வைத்தியர் அல்லாதார் கையில் அம்மருந்து சேர்ந்தால் கேடாக உபயோகிக்கப்படும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் காரணமற்றதன்று. ஆனால் ஒரு பகல் தூரத்திலுள்ள வைத்தியசாலைக்குப் போகச் சொல்லி அனுப்பப்பட்ட தாய்மாரில் எத்தனை பேர் போயிருப்பார்கள்? 2010இல் சர்க்கார் தன் முடிவை மாற்றி, நிமோனியாவுக்கும் கிராமத்திலேயே மருந்து கொடுக்க அனுமதித்தது. பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும், மலேரியாவுக்கு அதற்குரிய மாத்திரையும் அங்கேயே கிடைக்கலாயின. இவ்வனுமதி சில வருஷம் முன்னதாகவே வந்திருக்க வேண்டுமென்று இப்போது சொல்லுவது சுலபம். எனினும் சொல்லத்தான் வேண்டும்.

இனி முதல் மாதத்துச் சிசுவின் விஷயம். இங்கே காரணங்கள் வேறு. குறைமாதத்தில் பிறத்தல், பிறக்கும்போது மூச்சுத் திணறுதல், பிறந்த பின் கிருமி ஏறி ஜுரம் காணுதல் ஆகிய மூன்றுமே சிசு மரணத்தின் பெரும்பகுதி. இவற்றுக்குக் கழிப்பிடமும் கொசுவலையும் நேராக உதவுவதில்லை. பிரசவ வேளையில் கைதேர்ந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும். 2000இலும் 2005இலும் எத்தியோப்பியாவில் நூற்றுக்கு ஐந்து பிரசவங்களே வைத்தியசாலையில் நடந்தன, 2011இல் பத்து, 2016இல் 26. மற்றவை யாவும் வீட்டில், மாமியாரோ, அண்டை வீட்டு மூதாட்டியோ, ஊர் மருத்துவச்சியோ பார்த்தவை.

பிறந்தவுடன் அழாத சிசுவை உலர்த்தித் துடைத்து, முதுகைத் தடவித் தூண்டி, அதற்கும் மூச்சு வாராவிட்டால் சிறு முகமூடியும் பையும் கொண்டு காற்றை உட்செலுத்துவது ஒரு நிமிஷத்திற்குள் செய்ய வேண்டிய வேலை. அந்நிமிஷம் தவறினால் பின்னால் எத்தனை மருந்து கிடைத்தும் பயனில்லை. குளிர் இன்னொரு பகை. எத்தியோப்பிய மேட்டு நிலங்களில் பெரும்பாலான ஊர்கள் கடல் மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கு மேல் உள்ளவை, இரவில் கடுங்குளிர். அங்கே பிறந்த சிசுவை உடனே குளிப்பாட்டினால், எடை குறைந்த பிள்ளையாயின் உடல் சில்லிட்டுப் போய்விடும். இதற்கு விலையற்ற மருந்து உண்டு; அது தாயின் மார்பே. சிசுவைத் துணியின்றி தாயின் மார்போடு அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்தி, இரவும் பகலும் வைத்திருந்தால், குறைமாதப் பிள்ளைகள் பல பிழைக்கின்றன.

வழக்கங்களும் உண்டு. முதல் நாள் சுரக்கும் சீம்பாலை அழுக்கென்று பீய்ச்சி எறிந்துவிட்டு, சிசுவின் வாயில் வெண்ணெய் தடவும் வழக்கம் எத்தியோப்பிய நாட்டுப்புறங்களில் நெடுங்காலமாக இருந்து வந்தது. வயிற்றுக்கு மிருதுவாக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். வெண்ணெயோடு கிருமியும் உள்ளே போகிறது. சிசுவுக்குத் தாய் தரும் முதல் காவலோ மண்ணில் போகிறது. இதைக் கேட்டு நகைப்பதற்குமுன், சேனை வைப்பது என்று பெயரிட்டுச் சர்க்கரை நீர் தொட்டு வைக்கும் வழக்கம் தமிழ் வீடுகளிலும் உண்டென்பதை எண்ணிக்கொள்ளலாம். இருமல் நீங்கும் என்று உள்நாக்கை அறுத்துவிடும் வழக்கமும் அங்கே சில இடங்களில் இருந்தது. அதனால் இரத்தம் வடிந்தும் புண் புரையோடியும் இறந்த சிசுக்கள் உண்டு. இவ்வித வழக்கங்களை ஆணையிட்டு நிறுத்த முயன்ற இடங்களில் அவை மறைவில் நடந்தன. மாமியாரையும் மருத்துவச்சியையும் கூட்டத்திற்கு அழைத்துப் பேசிய இடங்களில் குறைந்தன.

2013இல் சர்க்கார் மேலும் ஒருபடி சென்று, சிசு ஜுரத்திற்கு வைத்தியசாலை செல்ல இயலாதபோது கிராமப் பெண் ஊழியரே ஊசி மருந்து தரலாமென்று அனுமதித்தது. ஆனால் நிலையத்தில் மருந்து இருந்தும், நோயுற்ற சிசுக்கள் அங்கே வந்து சேர்வது குறைவாகவே இருந்தது. இதன் காரணத்தை ஆராய்ந்தால், பிரசவித்த தாயும் சிசுவும் பல நாள் வெளியே வரலாகாது என்ற வழக்கம் ஒன்று. கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆண் சிசுவுக்கு நாற்பதாம் நாளும் பெண் சிசுவுக்கு எண்பதாம் நாளும் ஞானஸ்நானம் நடைபெறும்; அதுவரை வெளி வருவது அரிது. பால் குடியாமல் துவண்டு கிடக்கும் சிசுவைக் கண்டு, பிழைப்பதும் போவதும் தெய்வ சித்தம் என்று விட்டுவிடும் மனநிலை மற்றொன்று. நூற்றுக்கு ஐந்து சிசு போவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்களுக்கு இம்மனம் அமைவது வியப்பன்று.

ஆகையால் தாயையே முன்னதாக வைத்தியசாலைக்கு அருகில் கொண்டுவரும் யோசனை பரவிற்று. பிரசவத்திற்கு இரண்டொரு வாரம் முன்பே வந்து தங்குவதற்கென வைத்தியசாலை வளவிலேயே கட்டப்பட்ட விடுதிகள் அந்நாட்டில் 1970களிலிருந்தே சில இடங்களில் உண்டு. பிற்காலத்தில் இவை பெருகின. கிராமத்தார் தானியமும் விறகும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பிரசவித்தவளுக்கு வீட்டில் செய்வதுபோலவே ‘கென்ஃபோ’ என்னும் கெட்டிக் கூழைக் கிண்டிக் கொடுத்து, காப்பி வறுத்து இறக்கும் சடங்கையும் அங்கேயே நடத்துகிறார்கள். கூழுக்காகவா வைத்தியசாலைக்கு வருவார்கள் என்று ஏளனம் செய்யலாகாது. வீட்டின் மரியாதை கிடைக்காத இடத்திற்கு எந்த ஊர்ப் பெண்ணும் பிரசவத்திற்குப் போக விரும்பாள்.

நோய்களுக்குப் பின்னே நிற்கும் காரணங்கள் வேறு சில. 2000இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 58, வயதுக்குத் தக்க உயரமின்றிக் குன்றியிருந்தன, 2016இல் 38. குன்றிய பிள்ளைக்குப் பேதியும் சுவாச ஜுரமும் எமனாகும். நல்ல உடல் உள்ள பிள்ளைக்கு அவையே சில நாள் நோயாய்க் கழியும். தென் பிரதேசங்களில் ‘என்செட்’ என்னும் வாழை போன்ற செடியின் தண்டையும் கிழங்கையும் புளிக்க வைத்து உண்கிறார்கள். வயிறு நிரம்புமேயன்றி உடல் வளரும் சத்து அதில் மிகக் குறைவு. இரண்டு பிள்ளைகளுக்கிடையே இரண்டு வருஷம்கூட இடைவெளி இல்லையானால், அவ்விதம் பிறந்த பிள்ளை இறப்பது, நாலு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளையைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று கணக்குகள் காட்டுகின்றன. ஜன்னலற்ற வீட்டினுள் விறகும் வறட்டியும் எரித்துச் சமைப்பதால், முதுகில் கட்டியிருக்கும் சிசு நாள் முழுதும் புகையை விழுங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழை; அறுவடைக்கு முந்திய அக்காலத்தில் குதிரில் தானியம் குறைந்திருக்கும், வழியும் சேறாயிருக்கும். மழை விட்டதும் தாழ்ந்த பிரதேசங்களில் மலேரியா தொடங்கும்.

இடத்திற்கு இடம் பேதமும் மிகுதி. 2016 கணக்கில் தலைநகரான ஆடிஸ் அபாபாவில் மரணம் 1,000க்கு 39. கால்நடை மேய்த்துத் திரியும் ஜனங்கள் வாழும் அஃபார் பிரதேசத்தில் 125. ஓரிடத்தில் தங்காத குடும்பத்திற்கு ஓரிடத்தில் கட்டிய சுகாதார நிலையம் எவ்வாறு உதவும் என்பது தீராத பிரச்னை. 2020 நவம்பர் முதல் 2022 நவம்பர் வரை திக்ரே பிரதேசத்தில் நடந்த யுத்தத்தில் வைத்தியசாலைகள் பல சூறையாடப்பட்டன. சுகாதார ஊழியத்தில் நாட்டுக்கே வழிகாட்டியாக இருந்த பிரதேசம் அது.

கூட்டுறவு அங்கத்தினர்கள் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது பண விஷயம். எத்தியோப்பியக் கிராமங்களில் ‘இடிர்’ என்றொரு சங்கம் இல்லாத ஊர் அரிது. மாதந்தோறும் ஒவ்வொரு குடும்பமும் சிறு தொகை செலுத்தும். அங்கத்தினர் வீட்டில் மரணம் நேர்ந்தால் சங்கம் பணமும், கூடாரமும், பாத்திரமும், துக்கத்தில் உடனிருக்க ஆட்களும் அளிக்கும். இறந்தவர் யார் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். விதிகள் எழுத்தில் உண்டு. தவணை தவறியவருக்கு அபராதம் உண்டு. சீட்டைப்போல முறைவைத்துப் பணம் எடுக்கும் ‘இக்குப்’ என்பதும் உண்டு. இவை சர்க்கார் ஏற்படுத்தியவையன்று. ஜனங்கள் தாமே நடத்துபவை. மரணத்தின் பின் இவ்வளவு ஒழுங்காகப் பணம் சேரும் ஊரில், மரணத்தின் முன், பிள்ளைக்கு ஜுரம் கண்ட இரவில், கையில் காசில்லாமல் தாய் தவித்தாள் என்பதே விசித்திரம்.

2011இல் 13 தாலூகாக்களில் சோதனையாக ஆரம்பித்த கிராம வைத்தியக் காப்பு நிதி இந்த இடைவெளியை நோக்கியதே. ஒவ்வொரு குடும்பமும் வருஷத்திற்கொருமுறை, அறுவடை முடிந்து கையில் பணமிருக்கும் காலத்தில், சந்தா செலுத்தும். பின் வருஷம் முழுவதும் வைத்தியசாலையில் பணமின்றி வைத்தியம் பெறலாம். மிகவும் ஏழையான குடும்பங்களின் சந்தாவைச் சர்க்காரே கட்டும். சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நோய் கண்டவுடன் வைத்தியசாலை செல்லுவது அதிகமென்று கண்டார்கள். ஆனால் மருந்து இல்லையென்று கைவிரித்த இடங்களில் மறுவருஷம் சந்தா கட்டாமல் விலகியவர்களும் உண்டு. சந்தா வாங்குவதற்கு இருக்கும் ஊக்கம் மருந்து வாங்குவதற்கும் இருந்தாலன்றி எந்த நிதியும் நிலைக்காது.

1999இல் ஏற்பட்ட ஒரோமியா காப்பி விவசாயிகள் கூட்டுறவு யூனியனும் குறிப்பிடத்தக்கது. வெளிநாட்டு வியாபாரத்தில் விலைக்கு மேல் கிடைத்த தனித்தொகையைக் கொண்டு, சங்கங்களின் ஊர்களில் பள்ளிக்கூடங்களும், சுகாதார நிலையங்களும், குடிநீர் வசதியும் ஏற்படுத்தினார்கள்.

பிரசவத்திற்கும், கிராம நிலையத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வைத்தியத்திற்கும் கட்டணமில்லை என்பது அந்நாட்டுச் சர்க்கார் செய்த ஏற்பாடு. செலவெல்லாம் வழியில்தான். வோலோ பிரதேசத்தில் ‘கிரே’ என்று வழங்கும் மரணச் சங்கங்கள் கூடாரம், பாத்திரங்களோடு நோயாளியைத் தூக்கிச் செல்லும் பொறுப்பையும் ஏற்றவை. நோயாளியை மரக்கட்டிலில் கிடத்தி, அங்கத்தினர்கள் முறைவைத்துத் தோள் மாற்றி, மோட்டார் வண்டி வரும் பாதைவரை அல்லது வைத்தியசாலை வரை சுமந்து சேர்ப்பார்கள். கூப்பிட்டபோது வராதவர், சாவுக்கு வராதவரைப் போலவே, சங்கத்திற்குப் பதில் சொல்ல வேண்டும்.